ஏட்டில் 11 போட்டிகள் மட்டுமே: சதாசிவத்தைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும்

கொழும்பில் இருந்து வரும் புகையிரதம் மலையேறி முடிக்கும் இடம் கடுகண்ணாவை. அதற்குப் பிறகு பிலிமத்தலாவை, பேராதனை, கண்டி என்று பாதை இலகுவாகிவிடும். இந்த சீசனில் அந்தச் சிறிய பயணத்தை வாரத்திற்கு ஒரு தடவையாவது செய்வதென்று முடிவெடுத்திருக்கிறேன். அஸ்கிரிய, கட்டுகஸ்தோட்டை, பல்லேகலை என்று எங்கே கழகப் போட்டி நடந்தாலும் போய் உட்காருவதுதான் திட்டம். சர்வதேசப் போட்டிக்கோ ரி20 லீக் ஆட்டத்திற்கோ அல்ல. இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று சொல்லப்படும் ஆட்டங்களுக்கு. ரிக்கெட் வாங்கத் தேவையில்லை, இடம் பிடிக்க ஓடவும் தேவையில்லை. வீரர்களின் தகப்பன்மார், பழைய பயிற்றுநர் ஒருவர், மதில் ஓரத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பவர் என்று இருபது பேர் இருந்தால் அது நல்ல கூட்டம்.

இங்கிலாந்தில் இந்தப் பழக்கம் உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஏப்ரலில் சீசன் தொடங்கியதும் தேநீர்ப் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியுமாக, கவுண்டிகளின் இரண்டாவது அணிகள் ஆடும் மைதானங்களுக்கும் முதற்தர அந்தஸ்து இல்லாத சிறு கவுண்டிகள் மோதும் ஊர்களுக்கும் போய்விடுவார்கள். நமது ஊரில் இதைச் சொன்னால் வேலை இல்லையா என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

அதற்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் பெயர் மகாதேவா சதாசிவம். இலங்கைத் தமிழர் மத்தியில் இருந்து வந்த மிகப் பெரிய துடுப்பாட்ட வீரர். சிங்களவர், பறங்கியர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி, டெஸ்ட் அந்தஸ்துக்கு முந்திய இலங்கையின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர் அவரே என்று சொன்னவர்கள் பலர். ஆனால் முதற்தரக் கிரிக்கெட் ஏடுகளைப் புரட்டினால் அவர் பெயருக்கு நேரே இருப்பது 11 போட்டிகள், 753 ஓட்டங்கள், 3 சதங்கள், 41.83 என்ற சராசரி. அவ்வளவுதான். மற்றதெல்லாம் கீழ்த்தரக் கிரிக்கெட். அதைப் பார்த்தவர்களோடு அதுவும் போய்விட்டது.

கணக்கில் வராத ஓட்டங்கள்

சதாசிவம் பிறந்தது 1915 ஒக்டோபர் 18ஆம் திகதி. படித்தது கொழும்பு வெஸ்லி கல்லூரியில். பாடசாலை நாட்களிலேயே அவரது துடுப்பு பேசப்பட்டது. பிறகு தமிழ் யூனியன் கிரிக்கெட் மற்றும் தடகளக் கழகத்திற்கு ஆடினார். 1899இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் மைதானம் கொழும்பு ஓவல். பின்னாளில் அதற்கு, அதை உருவாக்கப் பாடுபட்ட பி. சரவணமுத்துவின் பெயர் சூட்டப்பட்டது.

அந்தக் காலத்துக் கொழும்புக் கிரிக்கெட் எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் சதாசிவத்தின் கணக்கு ஏன் இவ்வளவு சிறியது என்பது புரியும். கழகங்கள் இனவாரியாகப் பிரிந்திருந்தன. தமிழருக்குத் தமிழ் யூனியன், சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி., பறங்கியருக்கு அவர்களுடைய கழகம், முஸ்லிம்களுக்கு மூர்ஸ், வெள்ளையருக்கு கொழும்பு கிரிக்கெட் கழகம். இவற்றுக்கிடையில் வார இறுதிகளில் நடந்த போட்டிகள்தான் நாட்டின் உயர்ந்த கிரிக்கெட். அலுவலகம் விட்டு வந்தவர்கள், துரைமார், பாடசாலைப் பையன்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். மறுநாள் பத்திரிகையில் ஓட்ட எண்ணிக்கை வந்தது. ஆனால் உலகக் கணக்குப்படி இவை முதற்தரப் போட்டிகள் அல்ல. இலங்கையின் கழகச் சுற்றுப்போட்டிக்கு அந்த அந்தஸ்து கிடைத்தது 1988-89 சீசனில்தான். அதற்குள் சதாசிவம் இறந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெளிநாட்டு அணிகள் வருவதும் வேடிக்கையான முறையில்தான். இங்கிலாந்தில் இருந்து அவுஸ்திரேலியா போகும் கப்பல் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும். அந்த இடைவெளியில் அணி கரையிறங்கி ஒரு நாள் ஆட்டம் ஆடிவிட்டு மாலையில் கப்பல் ஏறும். 1882இல் ஐவோ பிளையின் இங்கிலாந்து அணியுடன் தொடங்கிய வழக்கம் இது. உலகின் மிகப் பெரிய வீரர்கள் எல்லாம் இப்படிக் கொழும்பில் சில மணி நேரம் ஆடிவிட்டுப் போனார்கள். இலங்கை வீரர் ஒருவர் தன்னை உலகத்துக்குக் காட்ட வேண்டுமானால் அந்தச் சில மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். காட்டினாலும் அது முதற்தரக் கணக்கில் சேராது.

சேப்பாக்கமும் பிரட்மனும்

சேர்ந்த சிலவற்றில் மிகப் பெரியது 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக சதாசிவம் அடித்த 215 ஓட்டங்கள். இலங்கை அணி கடல் கடந்து போய் ஆடுவதே அபூர்வமான காலம் அது. தமிழ் பேசும் இரசிகர்கள் நிறைந்த மைதானத்தில் யாழ்ப்பாணத்து வம்சாவளித் தமிழர் ஒருவர் இலங்கைக்காக இரட்டைச் சதம் அடித்ததைச் சென்னை நீண்ட காலம் மறக்கவில்லை. அவர் பலத்தால் அடிப்பவர் அல்ல என்பதில் பார்த்தவர்கள் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். மணிக்கட்டைத் திருப்பி, பந்து வந்த வேகத்திலேயே இரண்டு களத்தடுப்பாளர்களுக்கு இடையே அனுப்பிவிடுவார். பின்னங்காலில் நின்று பந்தைக் கடைசி நேரம் வரை வரவிட்டு ஆடும் லேட் கட் அவருடைய அடையாளம். இடைவெளியை அடைக்க அணித்தலைவர் ஆளை நகர்த்தினால், அடுத்த பந்து அந்த ஆள் நின்ற பழைய இடத்தின் வழியாகப் போகும்.

1948 மார்ச் 27ஆம் திகதி டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பு ஓவலில் ஆடியது. அந்தப் பயணத்தில் தோல்வியே காணாமல் திரும்பிய அணி அது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புதிய நாட்டின் அணித்தலைவராகப் பிரட்மனுடன் நாணயச் சுழற்சிக்குப் போனவர் சதாசிவம். பிரட்மன் 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். ஆட்டத்தின்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்து ஆடுகளத்தை அளக்கச் செய்தார். 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது. மழையால் ஆட்டம் முடிவின்றி நின்றது. மீதி உலகம் இலங்கைக் கிரிக்கெட்டைப் பற்றி நினைவில் வைத்துக்கொண்டது அந்த இரண்டு யாரைத்தான்.

1950இல் கொமன்வெல்த் அணி கொழும்புக்கு வந்தபோது சதாசிவம் 96 ஓட்டங்கள் எடுத்தார். எதிரணியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வொரல், தான் பார்த்த மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் சதாசிவத்தை முதல் வரிசையில் வைத்ததாக அன்று முதல் சொல்லப்பட்டு வருகிறது. கேரி சோபர்ஸின் பெயராலும் இதே போன்ற பாராட்டு உண்டு. இப்படிப்பட்ட பாராட்டுக்கள் வாய்வழியே வளரக்கூடியவை. ஆனால் டெஸ்ட் அணிகள் அத்தனையையும் பார்த்தவர்களின் பெயரோடு ஒரு கழக ஆட்டக்காரரின் பெயர் இணைந்து நிற்பதே சாதாரணமல்ல.

போனவர்களும் இருந்தவரும்

வேறு வழி பிடித்தவர்களும் இருந்தார்கள். வைத்தியர் சேர்ச்சில் குணசேகர முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் கவுண்டிக்கு ஆடியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்து மீண்ட லடி அவுட்ஸ்கூர்ன், வூஸ்டர்ஷயர் கவுண்டிக்காகப் பதினைந்தாயிரம் ஓட்டங்களுக்கு மேல் குவித்தார். கேம்பிரிட்ஜுக்குத் தலைமை தாங்கிய காமினி குணசேன நொட்டிங்ஹம்ஷயருக்கு ஆடினார். கவுண்டிக்குப் போனவர்களின் ஒவ்வொரு ஓட்டமும் ஏட்டில் இருக்கிறது.

எஃப். சி. டி சேரத்தின் கதை இன்னும் அருகில் வருவது. ஒக்ஸ்போர்ட்டில் படித்தபோது 1934இல் அவுஸ்திரேலியருக்கு எதிராக 128 ஓட்டங்கள் எடுத்தவர். ஹெட்ஃபோட்ஷயர் என்ற சிறு கவுண்டிக்கும் ஆடினார். திரும்பி வந்து எஸ்.எஸ்.சி.யின் தூணாகி, சதாசிவத்திற்குப் பிறகு இலங்கை அணித்தலைவரானார். சதாசிவம் பெரியவரா, டி சேரம் பெரியவரா என்பது அந்தக் காலத்துத் தேநீர்க் கடை விவாதம். டி சேரம் கட்டுப்பாட்டுக்குப் பெயர் போன இராணுவ அதிகாரி. சதாசிவம் அதற்கு நேர் எதிர். இரவு முழுக்க விருந்தில் நடனமாடிவிட்டு, அதே உடையில் மைதானத்துக்கு வந்து, ஒரு குளியல் போட்டுவிட்டு சதம் அடித்தார் என்பது போன்ற கதைகள் அவரைச் சுற்றி ஏராளம். எது உண்மை, எது கூட்டிச் சொன்னது என்று பிரிக்க முடியாது. சதா என்று ஊரே செல்லமாக அழைத்தது. அந்தச் செல்லம் அவர் செய்த பலவற்றைக் கேள்வி கேட்காமலும் விட்டது.

1951 ஒக்டோபர் 9

சதாசிவத்தின் பெயரைக் கேட்டதும் நமது பாட்டன்மாருக்கு முதலில் நினைவுக்கு வந்தது சேப்பாக்கம் அல்ல, வழக்கு.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேசில் உள்ள வீட்டில் சதாசிவத்தின் மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். உடல் இருந்தது வாகனக் கொட்டகையில். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். வேறொரு பெண்ணுடன் கணவருக்கு இருந்த உறவைத் தாங்க முடியாமல் விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போயிருந்தார். முந்திய இரவு அந்த வீட்டில்தான் தங்கியிருந்த சதாசிவம், காலையில் வாடகைக் கார் ஒன்றை வரவழைத்துப் புறப்பட்டிருந்தார். அன்றே அவர் கைது செய்யப்பட்டார். ஒன்பது நாள் கழித்து வந்த 36ஆவது பிறந்த நாள் அவருக்குக் காவலில்தான் கழிந்தது.

சில நாட்களுக்கு முன்னரே அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் என்ற இளைஞர் தலைமறைவாகிப் பின்னர் பிடிபட்டார். சதாசிவம் சொல்லித் தான் கொலைக்கு உதவியதாக அவர் கூறினார். நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கப்பட்டு அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியானார். சதாசிவத்துக்காக வாதாடியவர் லங்கா சமசமாஜக் கட்சித் தலைவரும் நாட்டின் பிரபல சட்டத்தரணியுமான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா.

1953 மார்ச்சில் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் தொடங்கிய விசாரணை 57 நாட்கள் நடந்தது. எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது. அந்தப் பெண் இறந்தது எத்தனை மணிக்கு? வாடகைக் கார் வந்து போன நேரம் தெரியும். அதற்கு முன் என்றால் கணவர், அதற்குப் பின் என்றால் வேலைக்காரர். இலங்கைப் பல்கலைக்கழகச் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், இறந்த உடல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குளிர்கிறது என்று நம்முடைய வெப்பநிலையில் ஆராய்ந்து வைத்திருந்தவர். அவருடைய கணிப்பு எதிரிக்குச் சாதகமாக அமைந்தது. எடின்பரோவில் இருந்து வந்த உலகப் புகழ்பெற்ற சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித்தும் எதிரித் தரப்பில் சாட்சியமளித்தார். 1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரர்கள் ஏகமனதாகக் குற்றவாளியல்ல என்று தீர்ப்பளித்தார்கள். 20 மாதங்களுக்குப் பிறகு சதாசிவம் வெளியே வந்தார்.

இந்த வழக்கு இன்றும் நமது சட்ட மருத்துவ வகுப்புகளில் பேசப்படுகிறது. நூல்கள் வந்துள்ளன. ஆனால் அந்தத் தாயைக் கொன்றதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சதாசிவத்தின் திறமையைக் கொண்டாடும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தை ஒரு சுவையான திருப்பம் போலக் கடந்து போகின்றன. உல்லாசமான மேதை, அழகான துடுப்பு, நடுவில் ஒரு மர்மக் கொலை என்று. நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது; அதை மதிக்க வேண்டும். அவர் நல்ல கணவராக இருந்தார் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தாயை இழந்த நான்கு பிள்ளைகளுக்கு அந்த லேட் கட் எந்த ஆறுதலும் ஆகாது. இரண்டையும் ஒரே வாழ்க்கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மலாயாக் கரையில்

விடுதலைக்குப் பின் கொழும்பு பழைய கொழும்பாக இல்லை. தெருவில் பார்த்தால் கும்பிட்ட அதே ஊர் இப்போது பார்த்துக் கிசுகிசுத்தது. சதாசிவம் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனார். யாழ்ப்பாணத் தமிழருக்கு அது புதிய இடமல்ல. புகையிரதத் திணைக்களத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்க இரண்டு தலைமுறையாகப் போய்வந்த நாடு. ஊருக்கு ஒரு மலாயாப் பென்சன்காரராவது இருந்த காலம். அந்த வழியில் போன இந்தத் தமிழர் செய்தது கிரிக்கெட் ஆடியதுதான். சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைவரானார். இலங்கையையும் சேர்த்தால் மூன்று நாடுகளின் அணித்தலைவர். உலகக் கிரிக்கெட்டில் இப்படிச் சொல்லக்கூடியவர்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆனால் மூன்றுமே டெஸ்ட் அந்தஸ்து இல்லாத அணிகள். நாற்பதை நெருங்கிய வயதில், கடற்கரையோரப் புல்வெளிகளில், உத்தியோகத்தர்களும் வியாபாரிகளும் ஆடும் ஆட்டங்களில் அவர் தொடர்ந்து துடுப்பெடுத்தார். அங்கேயும் பார்த்தவர்கள் சிலர் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று இப்போது கேட்க ஆளில்லை.

பிற்காலத்தில் நாடு திரும்பிய சதாசிவம் 1977 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் காலமானார். வயது 61. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல். டெஸ்ட் அந்தஸ்து 1981இல். முதலாவது டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரி 17ஆம் திகதி தொடங்கியது. இடம், அவர் பிரட்மனுடன் நாணயம் சுண்டிய அதே தமிழ் யூனியன் மைதானம்.

மைதான ஓரத்தில்

தமிழ் யூனியனின் கதை அத்துடன் முடியவில்லை. கண்டியில் பிறந்து கட்டுகஸ்தோட்டை சென் அந்தனிஸ் கல்லூரியில் பந்துவீசிய ஒரு பையன் பின்னர் அதே கழகத்துக்கு ஆடினான். 2010இல் ஓய்வு பெறும்போது முத்தையா முரளிதரனின் டெஸ்ட் விக்கெட்டுகள் 800. ஒவ்வொரு விக்கெட்டையும் இன்று கைபேசியில் பார்க்கலாம். இருவருக்கும் கழகம் ஒன்றுதான். ஒருவருக்கு உலகமே சாட்சி. மற்றவருக்குச் சாட்சி, அன்றைக்கு வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்.

முரளிதரனையும் முதலில் பார்த்தது உலகம் அல்ல. பாடசாலை மைதானத்தின் கயிற்றுக்கு வெளியே நின்ற ஒரு சிலர்தான். அவர்களில் எவரும் 800 என்ற எண்ணை நினைத்திருக்க மாட்டார்கள். பந்து ஏதோ வித்தியாசமாகத் திரும்புகிறது என்று மட்டும் கவனித்திருப்பார்கள். கீழ்மட்டக் கிரிக்கெட் பார்ப்பதில் கிடைப்பது அதுதான்.

நான் பார்க்கப்போகும் போட்டிகளில் இன்னொரு முரளிதரனோ சதாசிவமோ இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலும் இருக்க மாட்டார். மேலே போக முடியாமல் முப்பது வயதில் விட்டுவிடப் போகிறவர்கள்தான் அதிகம். மலையகத் தோட்டத்தில் இருந்து பஸ் ஏறி வரும் பையன், பயிற்சிக்குக் காசில்லாமல் அடுத்த சீசனே காணாமல் போகலாம். அவன் அடித்த ஓர் அழகான கவர் டிரைவ் எந்தத் திரையிலும் வராது. யாரோ ஒருவர் பார்த்திருந்தால் அது நடந்ததற்கு ஓர் ஆளாவது இருக்கும்.

அஸ்கிரிய மைதானம் கடுகண்ணாவையில் இருந்து புகையிரதத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரம். மழை பெய்தால் ஆட்டம் நிற்கும், நானும் திரும்பி வருவேன். மழை இல்லாவிட்டால், காலையில் முதல் பந்து வீசப்படும்போது மதில் ஓரத்தில் இருக்கும் இருபது பேரில் ஒருவனாக இருப்பேன். ஒரு கொப்பியும் கொண்டுபோகிறேன். யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்பதோடு, எப்படி எடுத்தார்கள் என்பதையும் எழுதி வைக்க.